படத்தில் ஒன்றுமில்லை

எண்பதுகளின் நடுவில், கோலா சிலாங்கூருக்கு வடக்கே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அலுவலகத்தின் தலைமை எழுத்தன். சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துத் திரும்பியவன். ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொன்னதை மறுமுறை யாரும் வேறெவரிடமும் கேட்டதில்லை.

என் தங்கையின் மகனுக்கும் என் மகளுக்கும் பரிசம் போட்டிருந்தோம். அவன் எண்ணெய் ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். ஒரு மாலையில் சுங்கை பெசாரிலிருந்து திரும்பியவன், தஞ்சோங் காராங் அருகே விளக்கில்லாமல் நின்ற செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் மோட்டார் சைக்கிளோடு மோதினான். மூன்று வாரங்கள் கண் திறக்கவில்லை. கோலாலம்பூரின் பெரிய மருத்துவமனையில் தலையை ஸ்கேன் செய்தார்கள்.

மருத்துவர் ஆங்கிலத்தில் பேசினார். தங்கை அருகில் நின்றாள். மூளை குலுங்கியதில் உள்ளே நூலினும் மெல்லிய நரம்பு நார்கள் பல இடங்களில் அறுந்திருக்கலாம் என்றார். இந்த இயந்திரம் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். அறுந்த நார்களைப் பெரும்பாலும் காட்டாது. படம் சுத்தமாக இருந்தும் இத்தனை நாள் நினைவு திரும்பாதது நல்ல அறிகுறி அல்ல. எழுந்து நடப்பான், பேசுவான். பழைய மனிதனாக இருக்கமாட்டான். திருமணம் நிச்சயமாகியிருப்பதை நான் சொன்னதும், ஓராண்டாவது பொறுங்கள் என்றார்.

"அண்ணே, டாக்டர் என்ன சொல்றாரு?"

"படம் சுத்தமா இருக்காம். ரத்தம் இல்ல, உடைவு இல்ல."

தங்கை மருத்துவரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவர் சொன்னதை நான் முழுவதும் பெயர்த்துவிட்டேன் என்று எண்ணி அவரும் தலையசைத்தார்.

காரணத்தை மறைப்பதற்கில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ஆலையில் விரல்களை இழந்த ஒரு மாப்பிள்ளையை வேண்டாமென்ற பெண்வீட்டுக்காரரைக் கோயில் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தியவன் நான். வாக்கு மாறுகிறவன் வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். அவர் மகளுக்கு அதன்பின் வரன் அமையவில்லை. இப்போது நான் வாக்கு மாறுவேனா என்று அந்த மனிதர் என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். ஜாதகம் காட்டுவதுபோல.

"என்னா கிராணி ஐயா, முட்டக்கோச குறுக்க வெட்டுன மாதிரில்ல இருக்கு!" என்றார் வெளிக்காட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

"ஒம் மண்டைய எடுத்தா கள்ளுப் பானைதான் தெரியும்" என்றாள் அவர் மனைவி. "மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு ஐயாவே சொல்லிட்டாருல்ல. பந்தலுக்கு ஆளச் சொல்லு."

விபத்து நடந்த ஐந்தாம் மாதம் திருமணம். அதற்குள் அவன் கண் விழித்து எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தான். அவன் முதல் முடிச்சையே போடாமல் தாலிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற அவன் அக்காள் மூன்று முடிச்சையும் போட்டாள். "மாப்பிள்ளைக்கு வெக்கம் லா" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. என் மகளும் தலைகுனிந்து சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து அவள் தனியாகப் பஸ்ஸில் வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"காலையில சட்டைய மாட்டிவிட்டா சாயங்காலம்வரைக்கும் அதே நாற்காலிதாம்ப்பா. சோறு வைக்காட்டி பசிக்குதுன்னுகூட சொல்லமாட்டாரு. திடீர்னு அடிக்கிறாரு. பத்து நிமிசத்துல மறந்துட்டு, மொகத்துல என்னான்னு என்னையே கேக்குறாரு."

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா. நீ பதமா நடந்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அத்தையும் இதத்தாம்ப்பா சொல்லுது. 'மூளை நல்லா இருக்குன்னு ஒங்கப்பனே படத்தக் காட்டுனாரு. நீ வந்த பெறகுதான் எம் மவன் இப்படி ஆயிட்டான்'னு."

அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். சன்னலோரம் அமர்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை. பின்னர் அவள் வரவுமில்லை. பல ஆண்டுகள் அந்த நாற்காலியருகே இருந்து அவனுக்கு ஊட்டினாள், அடியும் வாங்கினாள். அவளால்தான் அவனுக்குச் சித்தம் கலங்கிற்று என்ற பேச்சு தங்கை வீட்டில் கடைசிவரை ஓயவில்லை. அதை நிறுத்த என் ஒரு வாக்கியம் போதும். நான் அதைச் சொல்லவில்லை.

இப்போது உறவினர் சிலர் என்மேல் இரக்கப்பட்டு ஒரு விளக்கம் சொல்லிவருகிறார்கள்: பாவம், மருத்துவர் வேகமாக ஆங்கிலம் பேசினார், கிராணிக்கு அது சரியாகப் புரியவில்லை என்று.

அது தவறு. அவர் நிதானமாகத்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.