கரண்ட்டு தூக்குன கால்

எங்க மச்சான் முகம்மது கனியைத் தெரியாதுன்னு வில்லாபுரத்துல எவனாச்சும் சொன்னா, அவன் பரோட்டா தின்னதில்லைன்னு அர்த்தம். என் அக்கா அஜ்மல் பீவியோட வீட்டுக்காரர். மீசை முளைச்ச நாள்லேர்ந்து பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் கல்லு முன்னாடி நின்னா கடை சாத்துற வரைக்கும் உக்கார மாட்டாரு.

போன வருசம் அந்தக் கல்லு முன்னாடியே சாஞ்சாரு. பக்கவாதம். மூளையில இடது பக்கம் அடைப்பு. கை மெல்லத் தேறிருச்சு, வலது பாதம் மட்டும் தொங்கிப்போச்சு. முதலாளி வெங்கடேஷ்பாபு வந்து பாத்து, "கனி, நீ நடந்து வா, கல்லு உனக்குத்தான்"னாரு. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மச்சான் கிடந்தாரு.

ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தாங்க. முழங்காலுக்குக் கீழ ஒரு பட்டை, செருப்புக்குள்ள குதிகாலுக்கு ஒரு சுவிட்சு. குதிகாலைத் தூக்குனா கரண்ட்டு பாயும், பாதம் மேல வரும். சில வாரம் அப்படி நடக்கவிட்டு, அப்புறம் தலையில ஒயர்த் தொப்பி மாட்டி நடக்கவிட்டாங்க. கால் வெறும் கரண்ட்டால போகுதா, இல்ல மூளையும் முழிக்குதான்னு பாக்கணுமாம். மூளை முழிச்சா பின்னாடி மெஷின் இல்லாமலே நடக்கலாம்.

அன்னைக்குத் திரையில தெரிஞ்ச மூளைப் படத்துல இடது பக்கம் குபீர்னு சிவப்பு. மூளை முழிச்சிருச்சுன்னு மச்சான் அழுதுட்டாரு. பிசியோ தமிழ்வாணி, பாவம் அந்தப் பொண்ணு, படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. "அண்ணே, கால்ல விடுற கரண்ட்டே தொப்பியில ஏறி இப்படிக் காட்டும். அதைக் கழிச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும், பொறுங்க." யாரு கேட்டா? அக்கா அங்கேயே தர்காவுக்கு நெய்ச்சோறு நேந்துக்கிருச்சு.

மெஷின் மாட்டுனதுலேர்ந்து மச்சான் தர்காவுக்குள்ள போனதில்ல. செருப்பைக் கழட்டுனா சுவிட்சு போச்சு. அதனால வெளிய என் ஆட்டோவுலயே உக்காந்து துஆ கேப்பாரு. நேர்ச்சை அன்னைக்கு வாசல்ல செருப்பை விட்டுட்டாரு.

"கிறுக்கா பிடிச்சிருக்கு மச்சான்? கையக் கொடுங்க"ன்னேன்.

"விடு மாப்ள. மூளை முழிச்சிருச்சு. அல்லா முன்னாடி உன் தோள்ல தொங்கிக்கிட்டா போவேன்?"

கைகால் கழுவி ஒளு செய்யிற இடத்துல தரையெல்லாம் ஈரம். பாதம் தொங்கி விரல் மடங்குச்சு. நான் எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு போச்சு. ரெண்டு ஆபரேஷன் செஞ்சும் எலும்பு கூடல. இனிமே அந்தக் காலை ஊனவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அதுக்கப்புறம்தான் தமிழ்வாணி வந்துச்சு. கரண்ட்டைக் கழிச்சுப் பாத்தாச்சாம். "மூளை முழிப்பு லேசாத்தான் இருக்கு, ஆனா நெசமாவே இருக்குண்ணே. இன்னும் கொஞ்ச மாசம் மெஷினோட நடந்திருந்தா..." இதை வந்து சொல்லணுமான்னு எனக்கு அம்புட்டு ஆத்திரம்.

அது போனதும் மச்சான் போர்வையை விலக்கச் சொன்னாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு வலது பாதத்தையே பாத்தாரு. பட்டை இல்ல, கரண்ட்டு இல்ல. பாதம் மெல்ல மேல வந்துச்சு. அக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு.

"போர்வையை மூடு மாப்ள"ன்னாரு. "வெங்கடேஷ்பாபுகிட்ட வேற மாஸ்டர் பாக்கச் சொல்லிரு."