சந்தைப் பெட்டியின் சாவி

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு டீச்சராக இருக்கிறேன். இதைச் சொன்னால் ஊரில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "பாரிசுக்குப் போயிருக்கீங்களா?" இல்லை. "பிரெஞ்சு எடுத்தா மார்க்க அள்ளிரலாமாமே?" ஆமாம், அள்ளலாம். அள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேள்வித் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ள கேள்விகளையும் பதில்களையும் நெட்டுருப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன் ஒருவனிடம் "உன் பெயர் என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனாவது கேள்வி மிஸ்?" என்றான். அவன் மீது எனக்குக் கோபமே வரவில்லை. அவனை அப்படி ஆக்கி வைத்தவர்கள் மீதுதான் வந்தது, இன்னும் போகவில்லை.

புதுச்சேரியில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்துவிட்டு வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தேன். அட்டையில் செய்த கடிகாரம், ஓட்டல் மெனு அட்டைகள், பிளாஸ்டிக் பழங்கள், துணிப்பைகள், கடைகளுக்கான பெயர்ப்பலகைகள். பெஞ்சுகளை ஓரம் தள்ளினால் வகுப்பு சந்தையாகிவிடும். பாதிப் பேர் கடைக்காரர்கள், பாதிப் பேர் வாங்க வருகிறவர்கள். தமிழும் கூடாது, ஆங்கிலமும் கூடாது. வார்த்தை வராவிட்டால் கையைக் காலை ஆட்டிக் காட்டிக்கொள்ளலாம். இன்னொரு விதியும் உண்டு. வாங்க வருகிறவர் முதலில் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு எதையும் விற்கக் கூடாது. பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் "இது என்ன விலை?" என்று ஆரம்பித்தால் அது மரியாதைக் கேடு என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் சட்டென்று எழுந்தாள். அவள் அப்பா சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை போடுகிறவர், மற்ற மாதங்களில் ஆட்டோ ஓட்டுகிறவர். பூர்வீகம் ராயகிரி. வயல் இருந்ததெல்லாம் தாத்தா காலத்தோடு சரி.

"கடக்காரருக்கா மிஸ் வணக்கம் சொல்லுவாவ?"

"ஆமா."

"எங்க அப்பாட்ட ஒருத்தரும் சொன்னதில்ல மிஸ். வந்த ஒடனே பழத்த எடுத்து அமுக்கிப் பாப்பாவ. 'எவ்வளவு லே?'ம்பாவ. அப்பாவ விடச் சின்னப் பையன்லாம் லேன்னு சொல்லுதான்."

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள்தான் பழக்கடை. வணக்கம் சொல்லாமல் வந்த மூன்று பேரைத் திருப்பி அனுப்பினாள். அதன்பிறகு அந்த வகுப்பில் அவளைப் போல் வேகமாகப் பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்கள் யாரும் இல்லை. பரீட்சையில் மட்டும் அறுபதைத் தாண்ட மாட்டாள். கேள்வித் தொகுப்பு அவளுக்கு ஓடவே ஓடாது. சந்தைதான் அவளுக்குப் பாடம்.

நான்காவது சந்தையோடு வந்தது வினை. தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், ரோடு வரைக்கும் சத்தம் கேக்கு. பீஸ வாங்கிட்டு கட வச்சு வெளாட விடுதோம்னு பேரண்ட்ஸ் சொல்ல மாட்டாவளா?"

"வெளாட்டு இல்ல சார். பேசப் பழகுதாங்க."

"பேசுனா மார்க் உண்டா?"

"பேசுறதுக்குத் தனியா மார்க் இல்ல."

"பொறவு என்னத்துக்கு?"

அவ்வளவுதான் விசாரணை. பெட்டி அவர் அறை பீரோவுக்குள் போயிற்று, சாவி அவர் சட்டைப்பைக்குள் போயிற்று. ஒரு மொழியைப் பேசுவதை வேண்டாத சத்தம் என்று ஒரு பள்ளிக்கூடம் முடிவு செய்தால் டீச்சர் என்ன செய்ய முடியும்? கேள்வித் தொகுப்பைத் திறந்தேன். எட்டு மாதம் அதைத்தான் திறந்தேன். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் அந்தப் பெண், "இன்னைக்கு சந்தை உண்டா மிஸ்?" என்று கேட்பாள். இல்லை என்பேன். அவர்கள் எட்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டார்கள். பதில் மாறவில்லை.

ஜூலையில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த வாரத்தில், தாளாளரே என்னைத் தேடி வகுப்புக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"டீச்சர், இன்ஸ்பெக்ஷன் வருது. செயல்வழிக் கல்வி இருக்கான்னு பாப்பாவளாம். ஒங்க சந்தைய ஒண்ணு போட்டுருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பெட்டி வெளியே வந்தால் போதும் என்று தலையாட்டினேன். பத்து நாள் ஒத்திகை. யார் எந்த வரியைச் சொல்ல வேண்டும் என்று தட்டச்சு செய்து கொடுத்துவிட்டார்கள். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கைகளில் ஒன்றைப் பார்த்து நான் கூப்பிட வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது தாளாளருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. பொய் சொல்வதற்கு ஒத்திகை பார்ப்பது பாடம், பேசிப் பழகுவது விளையாட்டு!

ஒரே ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழக்கடை அந்தப் பெண்ணுக்குத்தான் என்றேன். அவளுக்குக் கணீரென்ற குரல் என்பதால் அவரும் சரி என்றார்.

ஆய்வு நாள் காலையில் அவள் பிளாஸ்டிக் ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் நாலு நிஜ மங்குஸ்தான் பழங்களை அடுக்கியிருந்தாள். அப்பா கடையிலிருந்து கொண்டு வந்தது. பிரெஞ்சிலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்று நான் முன்பு சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரி, கடைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றாள்.

ஆய்வு அதிகாரி தாளாளரோடு வந்தார். காய்கறிக் கடையும் ரொட்டிக் கடையும் தட்டச்சுப்படி நடந்தன. மூன்றாவது பழக்கடை. அதிகாரி நேராக ஒரு மங்குஸ்தானை எடுத்தார், விரலால் அமுக்கிப் பார்த்தார், "ஹவ் மச்?" என்றார்.

"போன்ஜூர், மெஸ்யூ," என்றாள். வணக்கம், ஐயா.

அவர் சிரித்தார். "யெஸ், யெஸ். ஹவ் மச்?"

"போன்ஜூர், மெஸ்யூ."

மீதி மூன்று பழங்களின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை இன்னும் மெதுவாக, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த அறையில் தெரியாதவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் பெரியவர்கள்.

"மறந்துட்டா சார்," என்றார் தாளாளர். "கொஞ்சம் வீக் ஸ்டூடண்ட்." அடுத்த கடைப் பையனுக்குக் கண்ணைக் காட்டினார். அவன் தன் வரிகளை ஒப்பிக்கத் தொடங்கினான். அதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்தார், பழம் அவர் கையிலேயே இருந்தது.

வீக் ஸ்டூடண்ட்! அந்தப் பள்ளியில் அன்றைக்கு ஒத்திகை இல்லாமல், பொருள் தெரிந்து, தேவைப்பட்டுப் பிரெஞ்சு பேசியது அவள் ஒருத்திதான். "சார், அவள் மறக்கவில்லை, நீங்கள் வணக்கம் சொல்லக் காத்திருக்கிறாள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அவள் என்னைத்தான் பார்த்தாள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

செயல்வழிக் கற்றல் மிகச் சிறப்பு என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார் அதிகாரி. அவர் கார் வாசலைத் தாண்டியதும் தாளாளர் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, பெரிய ஆபீசர் வெல கேக்காரு, சொன்னதையே சொல்லிக்கிட்டு நிக்க? மானத்த வாங்கப் பாத்தியே." அப்போதும் நான் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டி பீரோவுக்குத் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை கேள்வித் தொகுப்பில் இருபத்து மூன்றாவது கேள்வி. வகுப்பு முடிந்ததும் அவள் மேசையருகே வந்து நின்றாள். ஏன் எனக்காகப் பேசவில்லை என்று கேட்பாள், கேட்கட்டும் என்று நின்றேன்.

"நான் சொன்னது தப்பா மிஸ்?"

"சரியாத்தாம்மா சொன்ன. நான்தான் தப்பு. அவருகிட்ட நான் சொல்லிருக்கணும்."

பிறகு கேட்டாள்:

"அடுத்த இன்ஸ்பெக்ஷன் எப்ப மிஸ்?"

"எதுக்குக் கேக்க?"

"அப்பத்தான மிஸ் பெட்டியத் தெறப்பாவ."