இழுத்தால் அவிழும் முடிச்சு

அகதி முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பிய வருடம், கடற்கரை விடுதியொன்றின் குதிரை லாயத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சவாரி பழக்கியவள் என்னைவிடப் பத்து வயது இளைய பெட்டைப்பிள்ளை. மூன்று வாரமாக என்னைக் குதிரையில் ஏறவிடவில்லை. குதிரையைக் கட்டுகிற முடிச்சைத்தான் பழக்கினாள்.

"நுனியை இழுத்தால் அவிழவேணும் அண்ணை. திரும்பப் போடுங்கோ."

படகு கட்டிய கைக்கு இவள் முடிச்சுப் படிப்பிக்கிறாளா? எரிச்சலில் ஒருநாள், படகைக் கட்டுவதுபோலக் குதிரையை இறுக்கிக் கட்டினேன். காற்றில் தகரம் ஒன்று விழ, குதிரை மிரண்டு இழுத்தது. நான் நுனியை இழுத்தும் முடிச்சு அவிழவில்லை. கயிறு குதிரையின் கழுத்துத் தோலை உரித்துவிட்டது. அவள்தான் ஓடிவந்து கயிற்றை வெட்டினாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. அதற்காகவும் அவளை வெறுத்தேன்.

காயம் ஆறியதும், "இப்ப ஏறுங்கோ" என்றாள். கிட்டப் போனேன். குதிரை காதுகளைப் பின்னால் மடித்து என்னை முறைத்தது. நான் அவளை முறைத்த அதே முறைப்பு. குதிரைக்காவது காரணம் இருந்தது.