ரோமாபுரியும் ஒன்பதாம் படியும்

ரோமாபுரி எப்படிக் கிறிஸ்தவ நாடானது என்பதை ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் அந்த வருடம் சர்ச்சுக்குப் போய்விட்டன. கமிட்டித் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. திருவிழாவில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்றார். நான் கமிட்டியின் செயலாளர். நாலு புத்தகம் படித்தவன் என்பதால், பர்மியர்கள் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் என்னை 'சயா' என்பார்.

"அரிசியக் காட்டித்தான் ஆளப் புடிக்கிறாங்க சயா. ரோமாபுரியிலயும் அதான் நடந்திருக்கும். நீங்க ஆதாரத்தோட சொல்லிப்புடுங்க."

முடிவு முதலிலேயே கைக்கு வந்துவிட்டால் ஆராய்ச்சி சுலபம். பதினோரு பக்கம் எழுதினேன். பேரரசர் அந்தப் பக்கம் சாய்ந்தார், பதவி வேண்டியவர்கள் பின்னாலேயே சாய்ந்தார்கள், பழைய கோயில்களுக்கு வந்த மானியம் நின்றது. எல்லாம் தலைவர் விரும்பியபடியே வந்தது. ஒரே ஓர் இடம்தான் இடித்தது. பேரரசர் மாறுவதற்கு வெகுகாலம் முன்பே, கொள்ளைநோய் வந்தபோது, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓட, இந்தக் கிறிஸ்தவர்கள் நின்று நோயாளிகளுக்குத் தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்களாம். நம் ஆள், பிற ஆள் என்றுகூடப் பார்க்கவில்லையாம். பிற்பாடு பழைய தெய்வங்களை மீட்க வந்த பேரரசர் ஒருவரே இதைச் சொல்லித் தம் பூசாரிகளிடம் குறைப்பட்டிருக்கிறார். பேச்சு நீண்டுவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்தை உருவிவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில் கொரோனா ரங்கூனைப் புரட்டிப் போட்டது. திருவிழா தள்ளிப்போனது. சாப்பாடு இல்லாத வீடுகள் வெளியே வெள்ளைத் துணியும், மருந்து வேண்டியவை மஞ்சள் துணியும் கட்டின. நானும் காய்ச்சலில் விழுந்தேன். மகளைப் பார்க்க மாண்டலே போன மனைவி அங்கேயே மாட்டிக்கொண்டாள். துணி கட்ட என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கமிட்டியின் அன்புக்கு மட்டும் குறைவில்லை. தினமும் காலையில் போனுக்கு ஒரு சாமி படம் வந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். கீழே விற்கிறவர் அதன் நுனிக் கிளிப்பில் பொட்டலத்தை மாட்டினால் மேலே இழுத்துக்கொள்வோம். என் கயிற்றில் ஒரே மோஹிங்கா நூடுல்ஸ் பொட்டலம் இரண்டு நாளாக மழையில் நனைந்துகொண்டிருந்ததை நாலாம் மாடி அம்மா பார்த்திருக்கிறார். தையல் வேலை செய்பவர், நம் தமிழர்தான், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவருடைய கயிறு என் பால்கனி வரை இறங்கியது. நுனியில் ஒரு தூக்குச்சட்டி.

"எடுத்துக்குங்கண்ணே. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

நாலாம் நாள் பால்கனிவரை என்னால் நடக்க முடியவில்லை. அவர் முகக்கவசத்தோடு வீட்டுக்குள்ளேயே வந்தார். நான் வாந்தி எடுத்திருந்ததைத் துடைத்து, என்னை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார். அந்தக் காய்ச்சலிலும் நான் உஷாராகத்தான் இருந்தேன். இப்போது இயேசுவைப் பற்றி ஆரம்பிப்பார், மடக்கிவிட வேண்டும் என்று ஏழு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். பத்து நாளில் அவர் கேட்டதெல்லாம் மாத்திரை போட்டாச்சா என்பதுதான். ஏழு பதிலும் வீணாய்ப் போயின.

நான் எழுந்து நடமாடிய வாரம் அவர் படுத்தார். கயிறு மேலிருந்து கீழேதான் வரும். மேலே போக வேண்டுமானால் பதினெட்டுப் படி ஏற வேண்டும். கஞ்சி வைத்து, உப்புப் பார்த்து, அவருடைய தூக்குச்சட்டியிலேயே எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒன்பதாம் படியில் அவருடைய இருமல் கேட்டது. இப்போதுதான் வந்து போனவனுக்கு உடனே திரும்ப வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் பயந்துவிட்டேன். சட்டியை அந்தப் படியிலேயே வைத்தேன்.

"தங்கச்சி, கஞ்சி படியில இருக்கும்மா" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கி வந்து என் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் இறங்கும் சத்தம் கேட்டது.

"தோத்திரம் அண்ணே" என்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். ஒருவழியாகத் திருவிழாவும் வந்தது. உருவிய பக்கத்தைத் திரும்பச் சேர்த்து, அதையும் மேடையில் வாசித்தேன். தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். நாலாம் மாடி அம்மா கஞ்சி கொடுத்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"என்ன சயா, அந்தம்மா ஒங்கள மாத்திப்புட்டாங்களா?"

"இல்லீங்க. அவங்க கேக்கவே இல்ல."

ஆனால் பெரியவர் ஒருவர், உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும் என்று பாராட்டி எனக்குச் சால்வை போர்த்தினார். ஒன்பதாம் படியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சால்வையோடு வீடு திரும்பியபோது நாலாம் மாடி அம்மா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"சால்வை நல்லா இருக்குண்ணே. எதுக்குக் குடுத்தாங்க?"

"சும்மா" என்றேன். "ரோமாபுரியப் பத்திப் பேசினதுக்கு."