சுஜி சொன்ன சாட்சி

பாறசாலைப் பக்கம் கல்யாண பிளவுஸ் தைக்க சுஜியிடம்தான் வருவார்கள். பதினொரு வருடமாகப் பிள்ளையில்லாதவள் என்று போகும் வழியெல்லாம் பேசுவார்கள். என் ஆட்டோவிலும் அந்தப் பேச்சு நிறைய ஏறி இறங்கியிருக்கிறது. நானும் சேர்ந்துதான் பேசினேன்.

முப்பத்தேழு வயதில், நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செயற்கை முறையில் கரு வைத்து, சுஜி உண்டானாள். மாமியார் மரியம்மா அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னாள்: "ஒரு ஊசி இல்ல, ஒரு மருந்து இல்ல, கர்த்தர் தந்த பிள்ளையாக்கும்!" சபை அல்லேலூயா என்றது. ஊசி போடக் கூட்டிப்போன வண்டி என்னுடையது.

ஐந்தாம் மாதம் சுஜியின் இடது கண் சிவந்தது. கண்முன் பஞ்சு பறந்தது. மரியம்மா பக்கத்து வீட்டில் முலைப்பால் வாங்கிக் கண்ணில் ஊற்றினாள். நாலு நாளில் ஊசியின் காது தெரியவில்லை.

நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரம்மா மலையாளம் கலந்து கேட்டார்: "குழந்தைக்கு வேண்டி ட்ரீட்மென்ட் ஏதும் எடுத்ததுண்டா?"

"ஒண்ணும் இல்ல" என்று மரியம்மா முந்தினாள். சுஜி வாயைத் திறக்க, கையில் கிள்ளினாள். புருஷன் ஜெயசிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆம்பிளையாம்! பை பிடித்து நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

வீக்கத்துக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் கண் இன்னும் கெட்டது. ஒரு வாரத்தில் மறுபடி டாக்டரம்மாவைப் பார்க்க சுஜி என் வண்டியில் ஏறினாள், மரியம்மாவும் பின்னாலேயே ஏறினாள்.

"பிள்ளே, மிண்டாத இரி, வாயத் தொறக்காத. சபையில எனக்க முகம் என்ன ஆவும்?"

"முகத்த நீங்களே வச்சிக்கிடுங்க மாமி. எனக்க கண்ணு போவுது. அண்ணே, வண்டிய விடுங்க!"

எல்லாம் கேட்டதும் டாக்டரம்மா தலையில் கைவைத்தார். சிகிச்சை நேரத்தில் உடம்புக்குள் போன பூஞ்சை, ரத்தம் வழியாகக் கண்ணுக்கு வந்திருக்கலாமாம். வீக்கத்துக்கான அந்தச் சொட்டு மருந்து பூஞ்சையை வளர்த்துவிடுமாம். "இது முதல்லே சொல்லண்டாமோ?"

கண்ணுக்குள் ஊசி, ஆபரேஷன். பிள்ளை பிழைத்தது. இடது கண்ணில் மிஞ்சியது வெளிச்சமும் நிழலும் மட்டும். பிள்ளையைக் கர்த்தர் தந்தார் என்றால், கரு வைத்த டாக்டரைத் தந்தது யார்?

பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று மரியம்மா மறுபடி சாட்சிக்கு எழுந்தாள். அதற்குள் சுஜி எழுந்துவிட்டாள், பிள்ளையோடு.

"ஊசியும் உண்டு, மருந்தும் உண்டு. மறைச்சதாலயாக்கும் எனக்க கண்ணு போச்சு. கர்ப்பத்தில கண்ணு சிவந்தா டாக்டர்ட்ட எல்லாத்தையும் சொல்லுங்க."

ஒரு அல்லேலூயாகூடக் கேட்கவில்லை.

மறுநாள் தையல்கடைக்கு என் வண்டியில் மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கையிலும் துணி இல்லை; ஒருத்தி மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். யார் யாரென்று இன்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை.