ஓரம் வெட்டிய இலைகள்: திக்லிபூரில் ஒரு சனிக்கிழமை

பிப்ரவரியில் கல்லூரிக்குத் தொடர்ந்து சில நாள் விடுமுறை கிடைத்தது. கல்லில் பதிந்த இலைகளைப் பார்க்க வரும்படி ஜெசிந்தா இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தபோது நாங்கள் ஒரே விடுதி அறை. நான் நாகர்கோவிலில் அதே பாடத்தை நடத்துகிறேன். அவள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குப் போன மீனவக் குடும்பம். வீடு போர்ட் பிளேரில், லம்பா லைன் பகுதியில். வேலை மட்டும் வடக்கே திக்லிபூர்ப் பள்ளியில். சந்தோஷமாகத்தான் கிளம்பினேன். திரும்பி வந்து இத்தனை நாளாகியும் கோபம் அடங்கவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூருக்கு ஏறத்தாழ 325 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குத் தனியார் பேருந்து பிடித்தேன். போய்ச் சேர மாலை ஐந்தாகிவிட்டது. பாராடாங் தீவுக்குப் போகப் பேருந்தையே படகில் ஏற்றுகிறார்கள். அதற்கு முன் வரும் பழங்குடிகள் காப்புக்காட்டில் படம் எடுக்கத் தடை. அப்படியும் முன் இருக்கைக்காரர் ஃபோனைத் தூக்கினார். "பாய் சாப், மொபைல் அந்தர்!" என்று இந்தியில் அதட்டி அதை உள்ளே வைக்கச் செய்த நடத்துநர் என் பக்கம் திரும்பி, "டெய்லி இதே கதைதான் மேடம். மெயின்லேண்ட் ஆளுங்களுக்கு போர்டு எழுதி வெச்சாலும் கண்ணு தெரியாது" என்றார். அந்த மெயின்லேண்ட் ஆட்களில் நானும் அடக்கம்.

சனிக்கிழமை காலை ஜெசிந்தாவின் ஸ்கூட்டரில் போனோம். ஓர் ஓடைக்கரை. ஏடு ஏடாகப் பிரியும் சாம்பல் நிறப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆற்றோடு வந்து, கடலடிச் சேற்றில் படிந்து இறுகிய இலைகள் அதில் இருக்கின்றன. மேல் அடுக்கில் குனிந்து பார்த்தேன். நடு நரம்பு, கிளை நரம்பு, பூச்சி கடித்த ஓட்டை எல்லாம் அப்படியே தெரிந்தன.

இலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காட்டு மரங்களில் ஓரம் மழமழப்பான இலைகள் அதிகமென்றால் அங்கே வெப்பம் அதிகம்; பல் பல்லான ஓரம் பெருகினால் குளிர்ச்சி. அரச இலைக்கு இருப்பதுபோல் நுனியில் வால் இருந்தால், தண்ணீரை வடித்துவிட வேண்டிய அளவுக்கு மழை பெய்திருக்கலாம். நரம்புகள் நெருக்கமாக ஓடினால் அந்த மரம் வேகமாக நீரை இழுத்து வேகமாக வளர்ந்திருக்கும். பூக்கும் மரங்கள் அப்படி நரம்பை நெருக்கிக்கொண்டதுகூட வெப்பமண்டலக் காடுகள் இவ்வளவு அடர்ந்து செழிக்க ஒரு காரணம். ஓரமும் நுனியும் நரம்பும்தான் சாட்சி. ஒரு இலை போதாது, அடுக்கில் உள்ள எல்லா இலைகளும் வேண்டும்.

ஜெசிந்தாவும் அவள் மாணவர்களும் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல், இருந்த இடத்திலேயே இலைகளை எண்ணி அளந்து, மேல் அடுக்கை முடித்திருந்தார்கள். கீழ் அடுக்கு இன்னும் பழையது; அதை இனிமேல்தான் எண்ண வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் காடு எப்படி மாறியது என்று தெரியவரும்.

அவள்தான் முதலில் கீழே இறங்கினாள்.

"ஏசுவே! கீழ பூரா போச்சுடி. பாரு, உடைச்ச இடம் இன்னும் வெளுப்பா இருக்கு. நேத்துதான் எவனோ வந்திருக்கான்."

பாறை முகம் முழுக்க உளி கொத்திய வடு. காலடியில் சில்லுகள். அவற்றில் பாதி இலை, கால் இலை. ஜெசிந்தா உட்கார்ந்து இரண்டு சில்லுகளைப் பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை.

மதியம் ஊரில் நான் தங்கியிருந்த விடுதிக்குச் சாப்பிடப் போனோம். பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்த் தம்பதி. கணவர் துண்டை விரித்து, கல்லைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் இலை. நாங்கள் பார்ப்பதைக் கண்டதும் மலர்ந்து சிரித்தார்.

"எப்படிங்க இருக்குது? ஒரு பயணப் பதிவுல மேப்போட போட்டிருந்தாங்க. உங்களுக்கு ஒண்ணு வேணுங்களா மேடம்?"

ஜெசிந்தா ஒரு கல்லைத் தூக்கினாள். இலையின் ஓரம் நெடுக உளியால் சீவப்பட்டிருந்தது. நுனி இல்லை.

"இந்த ஓரம் எங்கே சார்?"

"ஃப்ளைட்டுல வெயிட் ஜாஸ்தி ஆகுதுன்னு நான்தானுங்க தட்டிவிட்டேன். நடுவுல டிசைன் அப்படியே இருக்குது பாருங்க."

"டிசைனா?" என்று கத்திவிட்டேன். விடுதி மொத்தமும் திரும்பியது. "எதைப் படிக்கணுமோ அதைத் தட்டிப் போட்டுட்டு டிசைன்னு சொல்றீங்களே!"

"சும்மா கெடந்த கல்லுதானுங்களே."

"சும்மா கிடக்கல சார். எங்க புள்ளைங்க அதுக்குத்தான் வாராவாரம் வெயில்ல போயி நிக்குதுங்க" என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் உயரவே இல்லை. அந்த அம்மா கணவரைப் பார்க்காமல், துண்டோடு எல்லாக் கல்லையும் எங்கள் பக்கம் தள்ளினார். "கல்லுக்குப் போயி இத்தனை ரகளைங்களா" என்று கணவர் முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

கற்கள் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். இவற்றையாவது கணக்கில் சேர்க்கலாமே என்றேன். ஜெசிந்தா மறுத்துத் தலையசைத்தாள்.

"எப்படிடி சேர்க்க? எந்த அடுக்குன்னு அவருக்கே தெரியாது. பெரிசு பெரிசா அழகாப் பாத்துப் பொறுக்கிட்டு, சின்னதை மிதிச்சுட்டாரு. இதை எண்ணினா அந்தக் காடு தெரியாது. அவரு ரசனைதான் தெரியும்."

ஊர் திரும்பியதும், இடத்தை வரைபடத்தோடு போட்டிருந்த அந்தப் பதிவைத் தேடிப் பிடித்து, நீக்குமாறு எழுதினேன். பதிலுக்கு ஒரு இதயக் குறி வந்தது. இடத்தை நீக்கவில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு இடத்தையே பலி கொடுப்பதற்குப் பெயர் பயண எழுத்தா?

போகிறவர்களுக்கு: டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. பேருந்துச் சீட்டை முந்தைய நாளே வாங்கிவிடுங்கள். அடையாள அட்டை வேண்டும். திக்லிபூரில் சுமாரான விடுதிகள் உண்டு, மீன் சாப்பாடு அருமை. சுத்தியல், உளி எடுத்துப் போகாதீர்கள். ஓடைக்கரை எங்கே என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்; கேட்டால் அழித்துவிடுவேன்.

போன வாரம் ஜெசிந்தாவிடமிருந்து செய்தி வந்தது. கீழ் அடுக்கில், சரிந்த மண்ணுக்குப் பின்னால், ஒரு முழ அகலத்துக்கு உளி படாத பகுதி இருக்கிறதாம். ஓரமும் நுனியும் முழுசாக உள்ள இலைகளாம். "ஃபோட்டோ அனுப்பட்டா?" என்று கேட்டிருந்தாள்.

பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. "யாருக்கும் அனுப்பாதடி, எனக்கும் வேண்டாம். முதல்ல எண்ணி முடி" என்று பதில் போட்டேன்.