அவள் ரத்தமே அவள் முட்டுக்கு

வீட்டுக்காரர் கடலிலிருந்து திரும்பியதை எனக்குச் சொல்வது எங்கள் நாய்தான். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கரை எங்களுடையது. விடியும்போது அத்தனை வள்ளங்களின் எஞ்சினும் ஒன்றாக இரையும். எனக்கு எல்லாம் ஒரே சத்தம். அவளோ வாசலில் படுத்தபடி ஒரு காதைத் தூக்குவாள், எழுந்து நடப்பாள். மீன்பெட்டியோடு நான் பின்னால் போவேன். ஒருநாளும் தப்பியதில்லை. போன் இருக்கிறதே என்பார்கள். நடுக்கடலில் அதற்கு டவர் எங்கே? காற்றும் மழையுமான நாட்களில் அவள் எழும்வரை எனக்கு அடுப்பில் கை ஓடாது.

வயதாகி, ஒரு மழைக்காலம் முடிந்தபோது, அவளால் எழ முடியவில்லை. காது எழும், பின்னங்கால்கள் எழாது. முன்னங்காலை ஊன்றி, உடம்பை இழுத்துப் பார்த்து, முனகிவிட்டுப் படுத்துவிடுவாள். அந்த முனகலைக் கேட்டுத்தான் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். சகிக்கவே முடியவில்லை.

வலி மாத்திரை கொடுத்தோம். கால் தேறுமுன் வயிறு கெட்டது, தின்றதெல்லாம் கக்கினாள். “ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பி விட்டிரு, பாவம்,” என்றாள் பக்கத்துவீட்டுக்காரி. “ஒன் மாமியாருக்கும் முட்டுவலிதானே?” என்று கேட்டேன். 

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் நாயை ஆட்டோவில் கிடத்தி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். நாய் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பின்னங்கால் முட்டில் எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். முட்டுக்குள்ளேயே ஊசி போடலாம் என்றார். ஸ்டீராய்டு போட்டால் வலி சட்டென்று குறையும். அடிக்கடி போட்டால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் கெடும். கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் போடுவதெல்லாம் பெரிய நகரங்களில்தான்.

“இன்னொண்ணு இங்கயே செய்யலாம். இவ ரத்தத்தையே எடுத்து, பிரிச்சு, முட்டுக்குள்ள போடுறது. கேக்கலாம், கேக்காமலும் போகலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.”

சத்தியம் பண்ண மாட்டேன் என்றதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கழுத்திலிருந்து ரத்தம் எடுத்தார். ஒரு சின்ன மிஷின் அதைச் சுழற்றியது. குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். என் மாதாவே! கீழே கருஞ்சிவப்பு, மேலே, கஞ்சி தெளிந்த மாதிரி, மஞ்சள் நீர். காயத்தை ஆற்றும் சத்து அதில்தான் இருக்கிறதாம். இத்தனை நாளும் தனக்கான மருந்தைத் தன் உடம்புக்குள் ஓடவிட்டுக்கொண்டுதான் எங்கள் வாசலில் முனகிக் கிடந்திருக்கிறாள்! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மயக்கம் கொடுத்து, முடியை மழித்து, இரண்டு முட்டிலும் போட்டார். ஓடவிடக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, தண்ணீரோ மண்ணோ படவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் பக்கம் முட்டுவலிக்காரர்கள் வெயிலில் காய்ந்த கருமணலில் காலைப் புதைத்து உட்காருவார்கள். மறுநாள் நான் சந்தைக்குப் போய்வருவதற்குள் அவளைத் தூக்கிப்போய் இடுப்புவரை மணலில் புதைத்து, குடையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்!

“ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? மண்ணு படப்பிடாதுன்னு அவரு படிச்சுப் படிச்சுச் சொல்லல்லியா?”

“ஏட்டி, ரெண்டும் சேந்தா சீக்கிரம் கேக்கும்லா...”

சாயங்காலம் முட்டு இரண்டும் வீங்கிச் சுட்டன. அவர் சோற்றைத் தொடவில்லை. “நானே கெடுத்துப்போட்டேனே மக்கா,” என்று அவள் தலைமாட்டிலேயே கிடந்தார். ராத்திரி கடலுக்கும் போகவில்லை. விடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினோம்.

டாக்டர் திட்டித் தீர்த்தார். முட்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்தார். “சீழ் இல்ல. இந்த ஊசிக்கு வீக்கம் வாறதுதான். பொழச்சா. இனிமே மண்ணுப் பக்கமே போவாதீங்க.”

அதன்பிறகு வீட்டுக்காரர் அவளைக் கீழே விடவே பயந்தார். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, சிமெண்டுத் தரையில் மட்டும் பைய நடத்துவார். வாரங்கள் போயின. முனகல் மட்டும் போகவில்லை.

ஒருநாள் விடியற்காலை எஞ்சின்கள் இரைந்தன. அவள் காது எழுந்தது. நான் கையில் அகப்பையோடு முனகலுக்காகக் காத்திருந்தேன். முனகல் வரவில்லை. முன்னங்காலை ஊன்றினாள், பின்பக்கம் நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. நின்றாள். ஒரு கணம் தன் கால்களை அவளே நம்பாத மாதிரி திரும்பிப் பார்த்தாள். பிறகு நடந்தாள், லேசாகச் சாய்ந்து சாய்ந்து. உலையையும் மீன்பெட்டியையும் மறந்து நான் பின்னால் போனேன். ஒரு குழாய் மஞ்சள் நீர், அவளுடைய சொந்த ரத்தம், இப்படி எழுப்பிவிடுமா ஒரு உயிரை!

இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். “ஏலே, வள்ளத்தப் பிடி!” என்று கூட்டாளிகள் கத்தினார்கள். காதில் விழுந்தால்தானே! ஓடிவந்து முட்டி போட்டு, அவளுடைய முட்டுகள் இரண்டையும் தொட்டுப் பார்த்தார்.

“வந்தியா மக்கா?”

அழுதுகொண்டே அவளை அப்படியே அள்ளித் தூக்கினார். “மண்ணு படப்பிடாதுல்லா,” என்று என்னிடம் சொன்னார்.

“எறக்கி விடுங்க,” என்றேன். “அவ நடப்பா.”